புதன்கிழமை மூன்று மணி: ஊருக்கு உதவ நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஏதாவது செய்யணும்னு ஆசையா இருக்கு, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிச் சொல்கிறார். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் இருப்பது மதுரையில், வைகைக்கு வடகரையில். ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு செய்ததும் கற்றதும்தான் இதில் இருக்கிறது. நீங்கள் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் அலுவலகங்களும் படிவங்களும் ஏறக்குறைய இவையேதான்.

முதல் வருடம் நான் செய்தது, தெருமுனை அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேருக்கும் பையும் நோட்டும் வாங்கிக் கொடுத்தது. தலைமை ஆசிரியை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் போனபோது பாதிப் பைகள் பீரோவில் அப்படியே இருந்தன. பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாவற்றையும் அரசே கொடுக்கிறது. 2022 செப்டம்பரில் இதே மதுரையில் தொடங்கிய காலை உணவும் வருகிறது. நான் அதையெல்லாம் விசாரிக்கவே இல்லை. "அப்ப எதுதான் டீச்சர் வேணும்?" என்று கேட்டேன். "அஞ்சாம் வகுப்புல ஆறு பிள்ளைங்களுக்கு வாசிக்க வரல. பக்கத்துல உக்காந்து வாசிக்க வைக்க ஆள் வேணும்" என்றார். அந்த வேலைக்கு எனக்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. புதன்கிழமை மூன்று மணியைக் கொடுத்தேன்.

முதலில் கிழமையும் நேரமும்

என்ன செய்வது என்பதை யோசிப்பதற்கு முன், வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது மாறக்கூடாது. மாதம் ஒரு முழு நாள் வருபவரைவிட வாரம் ஒரு மணி நேரம் வருபவரால்தான் பிள்ளைகளுக்குப் பயன். இடம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். இரண்டு பேருந்து மாறிப் போகும் இடத்துக்கு முதல் மழையிலேயே போகாமல் இருந்துவிடுவோம். இரண்டு வாரம் விட்டால் மூன்றாம் வாரம் போகக் கூச்சமாகிவிடும்.

திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகிறவர்கள் பள்ளி நேரத்தில் வர முடியாது. அவர்களுக்குக் கிளை நூலகம் இருக்கிறது, சமுதாயக் கூடம் இருக்கிறது, கோவில் மண்டபம் இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது தெருத்தெருவாக மாலை வகுப்பு எடுத்தவர்களில் பலர் ஆசிரியப் பயிற்சி பெறாதவர்கள். அந்தத் தன்னார்வலர் ஒருவர் உங்கள் பகுதியிலும் இருப்பார். தேடிப் போய்ப் பேசுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை படிப்பில் பின்தங்கியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

பள்ளிக்குள் போவது எப்படி

காலை ஒன்பதரைக்குப் போகாதீர்கள். அது வழிபாட்டுக் கூட்டமும் வருகைப் பதிவும் நடக்கிற பரபரப்பான நேரம். சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு மேல் போனால் தலைமை ஆசிரியர் உட்கார்ந்து பேசுவார். கையில் ஒரு கடிதம் கொண்டுபோங்கள். உங்கள் பெயர், வேலை, வீடு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர முடியும், எது தெரியும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஆதார் நகலை இணைத்துக் கொடுங்கள். "ஒரு மாசம் வந்து பாக்குறேன், சரிப்பட்டு வரலைன்னா நீங்க தாராளமா சொல்லிடலாம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வெளியாளை வகுப்புக்குள் விட அவர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்ல வேண்டியிருக்கலாம். அதற்கு இரண்டு வாரம் ஆனால் கோபித்துக்கொள்ளக் கூடாது. காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்க முடியும். யாரும் கேட்பதற்கு முன்பே அதை வாங்கிக் கொடுத்தால் அவர் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் ஒருமுறை போய் ஓரமாக உட்காருங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்தது முதல் எந்தப் பிள்ளை நின்றுவிட்டது என்பது வரை அங்கே பேச்சு வரும். நீங்கள் அதே பள்ளியில் படித்தவர் என்றால் இன்னும் நல்லது. 2024-இல் குழுக்களை மறுகட்டமைப்புச் செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள்.

பிள்ளைகளோடு இருக்கும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு. எத்தனை நல்லவராக இருந்தாலும் இவற்றில் விலக்கு இல்லை. கதவு திறந்திருக்க வேண்டும், ஆசிரியர் பார்வையில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக வெளியே அழைத்துப் போகக் கூடாது. படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த தவறான காரியம் எதையாவது சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். கேட்டுக்கொண்டு அன்றைக்கே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம்.

வாசிக்க வைப்பது

நான் அதிகம் செய்வது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஆறு பேரில் ஒரு பெண், பாடத்தைத் திறந்து கொடுத்ததும் கடகடவென்று வாசித்தாள். இவளுக்கு என்ன குறை என்று நினைத்தேன். பிறகு அவள் விரலைக் கவனித்தேன். வாய் 'கிணறு' என்கிறது, விரல் 'தோட்டம்' மேல் நிற்கிறது. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னம்மா?" என்றேன். முதல் வரிக்குப் போனாள். அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல் வந்ததும் உரக்கச் சொன்னாள். முழுப் பாடமும் மனப்பாடம். ஒரு வருடமாக, வகுப்பே சேர்ந்து வாசிக்கும் சத்தத்தில் அவள் குரலும் கலந்து போயிருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் முதல் நாளே இப்படி நடுவில் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். யாருக்கு உண்மையில் வாசிக்க வருகிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வகுப்பு ஆசிரியரிடமும் கேளுங்கள். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று ஆசிரியர் சொல்லிவிடுவார். அங்கிருந்து தொடங்கலாம். உங்கள் இஷ்டத்துக்குப் புதிய முறை ஒன்றைக் கொண்டுபோய்க் குழப்பாதீர்கள்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலாவது கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, சத்தமோ பின்னால் வருகிறது. கண் முதலில் கொம்பைப் பார்த்ததும் பிள்ளை திகைத்து நின்றுவிடுகிறது. 'கொ', 'கோ' வந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்குங்கள். இரண்டாவது புள்ளி. 'அப்பத்தா' என்பதை 'அபதா' என்று வாசிக்கும். ல, ள, ழ வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு முதல் மாதமே திருத்த வேண்டாம். சொல்லைப் படிக்க வந்த பிறகு உச்சரிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கைகொடுத்த வழி, பிள்ளை சொல்கிற வாக்கியத்தையே எழுதி வாசிக்கக் கொடுப்பது. "உங்க வீட்டுல நேத்து என்ன நடந்துச்சு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எங்க அப்பத்தா ஆட்டுக்குட்டி வாங்குச்சு" என்றாள். ஒரு எழுத்தும் மாற்றாமல் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பார்த்தாள், விரல் வைத்தாள், 'அப்பத்தா'வில் இரண்டு புள்ளியிலும் நின்று நின்று போனாள். அது மனப்பாடம் செய்த பாடமில்லை, அவள் வீட்டுச் செய்தி. அன்றைக்குத்தான் விரலும் வாயும் ஒரே இடத்தில் இருந்தன. 'வாங்குச்சு' என்று எழுதலாமா என்று கேட்டால், முதலில் எழுதலாம். 'வாங்கியது' பிறகு வரும்.

ஒரு நேரத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். மிட்டாய் கொடுத்துப் பழக்காதீர்கள்.

எட்டாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்

சின்னப் பிள்ளைகளோடு பொறுமையாக உட்கார வராது என்பவர்கள் எட்டாம் வகுப்புக்குப் போகலாம். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000 ரூபாய் வரும். கேள்வித்தாளில் ஒரு பாதி மனத்திறன்: எண் வரிசை, எழுத்து வரிசை, படத்தில் விடுபட்டது எது என்கிற மாதிரிக் கேள்விகள். இவை பாடப்புத்தகத்தில் வராதவை, ஆனால் பழக்கினால் வந்துவிடும். ஜூலையில் தொடங்கி வாரம் ஒருநாள் பத்துப் பிள்ளைகளுக்குப் பழைய கேள்வித்தாளைப் போட்டுக் கொடுத்தாலே போதும்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் பத்து நாளைக்கு ஒரு மேசையும் இணைய வசதியும் இருந்தால் பெரிய உதவி. குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு வழி சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் கையில் இருக்கிறதா என்று ஏப்ரலிலேயே பார்த்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு ஓடினால் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பிலும் பொறியியலிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். இதெல்லாம் இருப்பதே தெரியாமல் பிள்ளையை மில் வேலைக்கு அனுப்பிவிட்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

வீட்டில் இடி விழுந்தால்

குடும்பத்துக்கு உதவுவது என்றால் பலர் அரிசி மூட்டையைத்தான் நினைக்கிறார்கள். சாவு வீட்டில் முதல் வாரம் அரிசி வேண்டும்தான். அதற்கு அடுத்த மூன்று மாதம் யாரும் வருவதில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் காகித வேலை வருகிறது.

எங்கள் தெருவில் பெயின்ட் வேலை பார்த்த ஒருவர் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். நாற்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன்.

"இன்சூரன்ஸ் ஏதும் போட்டிருந்தாராம்மா?"

"அதெல்லாம் அவருக்கு எங்க தெரியும்க்கா, ஒண்ணும் போடல."

"பாஸ்புக் இருக்கா? எடுத்துட்டு வா, பாப்போம்."

மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தது. அதற்குக் கீழே 20 ரூபாய். பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கம் ஒன்று இருந்ததால் வீட்டில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. 436 ரூபாய் என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு. எந்தக் காரணத்தால் இறந்தாலும், புதிதாகச் சேர்ந்த முதல் சில வாரங்களைத் தவிர, குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு. நெஞ்சுவலிக்கு அது வராது. வங்கியில் கணக்கு தொடங்கும்போது நீட்டிய படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். இறப்புச் சான்றையும் வாரிசுதாரராகக் குறிப்பிட்டவரின் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அதே கிளைக்குப் போனோம். நான்கு நடை ஆனது. பணம் வந்தது.

அதனால் இழவு வீட்டுக்கு உதவப் போகிறவர்கள் முதலில் பாஸ்புக்கை வங்கியில் பதிவிட்டு வாங்கி, 436, 20 என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். நாள் கடத்த வேண்டாம். பிறகு வரிசையாக: இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றுக்கும் விதவைச் சான்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் நீக்கி, குடும்பத் தலைவர் பெயரை மாற்ற வேண்டும். இறந்தவர் கட்டுமான வேலை பார்த்தவராக இருந்தால் நல வாரிய அட்டை பெட்டிக்குள் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதில் குடும்பத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி இருக்கிறது. ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. 2025 செப்டம்பரில்தான் தொடங்கியது என்பதால் பலருக்கு இன்னும் தெரியாது.

சான்றிதழ் வேலையில் பாதி சிக்கல் பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. எல்லா அட்டைகளையும் வரிசையாகப் பரப்பி, முதல் நாளே பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ், ஒரு பிளாஸ்டிக் ஃபைல். விண்ணப்பித்த ரசீது எண்ணைச் சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள். மாதக்கணக்கில் நகராவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கே மனு கொடுத்து எண் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அலுவலகத்தில் பேச வேண்டியது அந்தப் பெண், நீங்கள் அல்ல. பக்கத்தில் நில்லுங்கள். மறந்ததை எடுத்துக் கொடுங்கள். அவள் பெயரில் கையெழுத்தோ, அவள் ஓடிபியோ, ஏடிஎம் ரகசிய எண்ணோ உங்களிடம் வரக்கூடாது.

இல்லங்களும் பணமும்

பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் கேக் வெட்டுவது பற்றி நிறையப்பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரு மாதத்தில் பத்துப் பேர் பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாடுகிற பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்டால் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுங்கள். இல்லம் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். அங்கிருக்கும் பிள்ளைகளின் முகமோ பெயரோ வெளியே தெரியும்படி படம் போடுவதை அந்தச் சட்டமே தடுக்கிறது.

பணம் கொடுப்பதென்றால் ரொக்கம் வேண்டாம். அறக்கட்டளைக்குக் கொடுக்கும் தொகைக்கு வருமான வரிச்சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்புவதாக இருந்தால், வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு உள்ள அமைப்புக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். அரசுப் பள்ளிக்கென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக, பள்ளியையும் தேவையையும் பார்த்துக் கொடுக்கலாம். மதுரைக்காரர்களுக்கு ஆயி பூரணம் அம்மாளைத் தெரியும். வங்கியில் வேலை பார்த்தவர், இறந்த மகள் நினைவாகக் கொடிக்குளம் அரசுப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். அந்தப் பள்ளிக்குத் தேவைப்பட்டது நிலம். உங்கள் தெருப் பள்ளிக்கு மின்விசிறி தேவைப்படலாம். போய்க் கேட்டால்தான் தெரியும்.

வாரந்தோறும் போக முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பது இன்றும் பெரும்பாடு. மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற இடங்களில் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். எழுதிக் கொடுப்பவரின் படிப்பு இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சில தேர்வுகளில் விதி உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தெளிவான குரல் இருந்தால் பாடத்தை வாசித்துப் பதிவு செய்தும் கொடுக்கலாம்.

விட்டுப் போக வேண்டி வந்தால்

இடமாற்றம் வரும், கல்யாணம் வரும், பெற்றவர்களுக்கு உடம்பு முடியாமல் போகும். தப்பில்லை. ஆனால் சொல்லாமல் நிற்காதீர்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, உங்கள் இடத்துக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள். கடைசி இரண்டு வாரம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே நாற்பது பக்க நோட்டு ஒன்றில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு எழுதி வந்திருந்தால் கைமாற்றுவது சுலபம். என் நோட்டில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் கடைசியாக எழுதியிருப்பது: 'கொ, கோ வந்துவிட்டது. கௌ வரவில்லை. ஆட்டுக்குட்டி குட்டி போட்டிருக்கிறது, அதைக் கேட்டால் நிறையச் சொல்வாள்.'